இறக்கத்தில் பிடித்துக்கொண்ட பிஸ்டன்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பழைய 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி சட்டென்று நின்றது. பின்சக்கரம் சுற்றாமல் தேய்ந்து தார்ச்சாலையில் ஒரு கறுப்புக் கோடு போட்டது. ஓட்டிவந்த இளைஞன் அதே நொடியில் கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. பின்னால் கட்டியிருந்த இரண்டு பலாப்பழங்களில் ஒன்று அவிழ்ந்து உருண்டு, புதருக்குள் போய்விட்டது. கிக்கரை மிதித்துப் பார்த்தான். கால் கீழே இறங்கவே இல்லை.

“நேத்துக்கூட ரெண்டு பேரும் ஒரு உர மூட்டையும் ஏத்திக்கிட்டு இதே ரோட்டுல மேல வந்தேன் சார். ஒண்ணும் ஆகல. இப்ப சும்மா இறங்குறப்ப போய் நின்னுடுச்சு” என்றான். அவன் குரலில் வண்டி தன்னை ஏமாற்றிவிட்டது என்ற வருத்தம் இருந்தது.

கீழே போன ஒரு மினி லாரியில் வண்டியை ஏற்றி, போளூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பெரியவர் ஒருவர், எங்கே நின்றது என்று மட்டும் கேட்டார். சொன்னதும் தலையாட்டினார். “ஏத்தத்துல பிடிக்காது தம்பி. இறக்கத்துலதான் பிடிக்கும்.”

அரை மணி நேரத்தில் ஹெட்டும் சிலிண்டரும் மேசைக்கு வந்துவிட்டன. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைப் பிரிப்பதில் ஒரு சுகம் உண்டு. வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. நாலைந்து நட்டுகளைக் கழற்றினால் பிஸ்டன் கண்முன்னே நிற்கும். பிஸ்டனின் முன்பக்கம், அதாவது புகை வெளியேறும் பக்கம், மேலிருந்து கீழாகக் கீறல்கள். ஒன்றிரண்டு இடங்களில் அலுமினியம் இளகி, சிலிண்டர் சுவரில் பூசினாற்போல் அப்பியிருந்தது. பெரியவர் அதன்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தடுக்கியது. “போர் போட்டாகணும்.”

ஏன் இறக்கத்தில் பிடிக்கிறது? இந்த வகை இன்ஜினில் எண்ணெய்க்கென்று தனிக் குளம் இல்லை. பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுகிறோம். பெட்ரோல் எந்த வழியாக உள்ளே போகிறதோ அதே வழியாகத்தான் எண்ணெயும் போகும், அதே அளவுக் கணக்கில். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருக்கிறோம். பெட்ரோல் நிறையப் போகிறது, கூடவே எண்ணெயும். இறக்கத்தில் கையை விட்டுவிடுகிறோம். வண்டியோ கியரில் இருக்கிறது. சரிவு சக்கரத்தைத் தள்ள, சக்கரம் இன்ஜினைச் சுற்ற, நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் சுற்று ஓடுகிறது. கார்ப்பரேட்டர் வாய் மூடியிருப்பதால் ஐட்லிங்குக்கு வேண்டிய சொட்டுதான் உள்ளே வருகிறது. உராய்வு முழு அளவில், எண்ணெய் பேருக்கு. இப்படியே பல கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு மேட்டுக்காக மறுபடி முறுக்கும்போது, காய்ந்துபோன சுவரில் பிஸ்டன் சூடேறி விரிந்து கவ்விக்கொள்கிறது.

ஆனால் இளைஞனுடைய கேள்வி இதைப் பற்றியதே அல்ல. எப்படியும் சிலிண்டரைக் கழற்றியாயிற்று. செலவோடு செலவாகப் பெரிய பிஸ்டன், பெரிய கார்ப்பரேட்டர், ரேஸ் சைலன்சர் எல்லாம் போட்டு, மட்கார்டை உயர்த்தி, முள்டயர் மாட்டி, டர்ட் பைக் மாதிரி ஆக்கிவிடலாமா? இல்லை, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாமா? கைப்பேசியில் சேற்றிலும் பாறையிலும் பறக்கும் வண்டிகளின் படங்களைக் காட்டினான். அவன் ஊருக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் தார் கிடையாது. மழைக்காலத்தில் செம்மண் சேறு. அதனால் ஆசையில் நியாயம் இருந்தது.

பணம் கொடுக்கும் முன் இன்ஜினின் உள்ளே நடப்பதை அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பட்டறைப் பலகையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம்.

நான்கு வீச்சு இன்ஜின் இழுக்கவும் அமுக்கவும் எரிக்கவும் ஊதவும் இரண்டு சுற்று எடுத்துக்கொள்கிறது. டூ-ஸ்ட்ரோக் அத்தனையையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் கண்ட வழி இது. பிஸ்டனின் மேல்பக்கம் எரிக்கிறது, அதே நேரத்தில் அடிப்பக்கம் பம்பு போல வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறைக்குள் பெட்ரோல் காற்று உறிஞ்சப்படுகிறது. கீழே வரும்போது அது அமுக்கப்பட்டு, சிலிண்டர் சுவரிலுள்ள ஜன்னல்கள் வழியாக மேலே பாய்கிறது. அதே கணத்தில் எதிர்ச்சுவரில் புகை ஜன்னலும் திறந்திருக்கிறது.

போளூர் பேருந்து நிலையத்தில் திருவிழா நாளில் பஸ் வந்து நின்றதும், இறங்குபவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுபவர்கள் முன்வாசலில் நெருக்குவார்கள். ஏறிய வேகத்தில் சிலர் பின்வாசல் வழியாக வெளியே தள்ளப்படுவார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது இதுதான். உள்ளே வந்த புதுப் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. ஓட்டும் நிலையைப் பொறுத்து இது 15 முதல் 40 சதவீதம் வரை. அந்த வண்டிகள் போனபின் சாலையில் மிதக்கும் இனிப்பும் காரமும் கலந்த வாசனை, காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலும் எரியாத 2டி ஆயிலும்தான். மலைப்பாதையில் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் மற்றது தானாக விளங்கும். முதலில் போர் போடும் சமாசாரம். அந்தக் காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100ஐ எடுத்துக்கொள்வோம். 1985இல் வந்து 1996 வரை தயாரான வண்டி. சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், வீச்சும் 50 மில்லிமீட்டர், கொள்ளளவு 98 சிசி. லேத்தில் கொடுத்துக் கடைந்து, ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டால் 102 சிசி ஆகும். நான்கு சதவீதம். ஓட்டுபவரின் உடம்புக்கு அந்த வித்தியாசமே தெரியாது. ஆனாலும் போர் போட்டு வந்த வண்டி புதுசு போல இழுக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யல்ல. தேய்ந்த சுவரும் தளர்ந்த ரிங்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த அழுத்தம் திரும்பக் கிடைத்துவிட்டது. இழந்த பொருளை மீட்டதைப் புதிதாகச் சம்பாதித்ததாக நினைக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த மீட்கும் வேலையில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. கிராங்க் அறை இங்கே ஒரு பம்பு என்று சொன்னேன். பம்பு என்றால் காற்று ஒழுகக் கூடாது. கிராங்க்கின் இரு முனைகளிலும் இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள் இருக்கின்றன. விலை சொற்பம். அவை வருடக்கணக்கில் வெந்து இறுகிவிடும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் விகிதம் குறைகிறது. ஐட்லிங் காரணமில்லாமல் ஏறும், சிக்னலில் நிற்கும்போது வண்டி தானாக உறுமும். இன்ஜின் சூடும் ஏறும். கியர் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்து வெள்ளைப் புகையாகத் தள்ளும். நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் அறை ஒழுகினால் எண்ணெய்க் கறை படியும், வண்டி ஓடும். இங்கே அது மூச்சுக்குழாயில் விழுந்த ஓட்டை. புது பிஸ்டன் போட்டுப் பழைய சீலை விட்டுவிட்டால் அதே வண்டி மறு வருடமும் பட்டறைக்கு வரும். நம் பையனுடைய வண்டியிலும் மேக்னெட்டைக் கழற்றியதும் சீலின் உதடு பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது. பெரியவர் அதை வளைத்தார். உடைந்தது.

ரேஸ் சைலன்சருக்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டுமல்ல, அதுவும் இன்ஜினின் ஓர் உறுப்பு. புகை ஜன்னல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் எதிரொலி உறிஞ்சும் அலையாகத் திரும்பிவந்து, மிச்சப் புகையை இழுக்கிறது. குழாய் குறுகும் இடத்தில் பட்டது தள்ளும் அலையாகத் திரும்பிவந்து, வெளியே தப்பிய புதுப் பெட்ரோலை ஜன்னல் மூடும் முன் உள்ளே திணிக்கிறது. கண்டக்டர் பின்வாசலில் நின்று, தள்ளப்பட்டவர்களைத் திரும்ப உள்ளே ஏற்றுவது மாதிரி.

இதைக் கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் வால்டர் காடன். எம்இசட் என்ற நிறுவனத்தில் 1950களில், பற்றாக்குறைகளுக்கு நடுவே, அலைகளை அளந்து அளந்து குழாய்களை வளைத்தார். 1961இல் அவருடைய 125 சிசி ரேஸ் வண்டி 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜின்களில் அதுவரை உலகில் யாரும் எட்டாத எண்ணிக்கை. அந்த வருடமே அவருடைய நட்சத்திர ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பி மேற்கே போய், அந்த ரகசியங்களோடு ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். மறு வருடம் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது. அதே சுசுகிதான் 1980களில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து ஓசூரில் 100 சிசி டூ-ஸ்ட்ரோக்குகளைச் செய்தது. ஒரு ஜெர்மன்காரர் தன் பட்டறையில் கேட்ட எதிரொலி நம் மலைப்பாதைகள் வரை வந்துசேர்ந்த கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் காடனின் குழாய் ஒரு விலை கேட்கிறது. சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 7500 சுற்றில் இன்ஜினின் ஒரு சுற்று 8 மில்லிநொடி. புகை ஜன்னல் ஏறத்தாழ அதில் பாதி நேரம், 4 மில்லிநொடி, திறந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் அலை 2 மீட்டர் போகலாம், அதாவது ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்பலாம். குழாயின் நீளம் அதற்கு ஏற்றாற்போல இருந்தால் அலை சரியான நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்கும். அதே வண்டியை 3750 சுற்றில் ஓட்டினால் ஜன்னல் 8 மில்லிநொடி திறந்திருக்கும். அலை பாதி நேரத்திலேயே வந்து போய்விடும். கண்டக்டர் கூட்டம் வருவதற்கு முன்பே வாசலில் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார். பெட்ரோல் வெளியே கொட்டுகிறது.

ரேஸ் சைலன்சர் உச்சச் சுற்றுக்காக வளைத்தது. கீழே இருக்கும் இழுவையை எடுத்து மேலே கொடுக்கிறது. ஜன்னலை அரத்தால் உயர்த்துவதும் பெரிய கார்ப்பரேட்டர் வைப்பதும் இதே பண்டமாற்றுதான். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர்களுக்கு அது லாபம், நீண்ட நேர்கோடு இருந்தது. மலை அப்படிப்பட்ட இடமல்ல.

மலை எவ்வளவு கேட்கிறது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தோம். வண்டி 100 கிலோ, ஆள் 60, சுமை 40. மொத்தம் 200 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற, பின்னோக்கி இழுக்கும் விசை 20 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறினால் இரண்டே கால் குதிரைத்திறன் போதும். சேறு, செயின், காற்று எல்லாம் சேர்த்தாலும் மூன்று, மூன்றரை. ஆர்எக்ஸ் 100 புதிதில் 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் கொடுத்தது. பையனுக்குக் குதிரை குறையவில்லை. செம்மண் சேற்றில் இரண்டாவது கியரில், மூவாயிரம் சுற்றில் ஊர்ந்து ஏறும்போதுதான் அவனுக்கு இழுவை வேண்டும். அவன் வாங்க நினைத்த சைலன்சர் சரியாக அந்த இடத்திலிருந்துதான் திருடும்.

இதில் மலைக்காற்றுக்கும் பங்கு உண்டு. இதே ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு. தொலைநோக்கிக்கு அது வரம், இன்ஜினுக்கு அது பட்டினி. திறன் ஏறக்குறைய அதே 7 சதவீதம் குறையும். கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது, காற்று மெலிந்ததற்கு ஏற்றபடி அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை மூன்று நான்கு சதவீதம் கெட்டியாகிறது. பிளக் கறுப்பாகிறது, சைலன்சரில் கரி சேர்கிறது. சமவெளியில் சரியாக வைத்த வண்டியை மலைமேல் நிரந்தரமாக ஓட்டுபவர், ஊசியின் கிளிப்பை ஒரு படி மாற்றி, பிளக்கின் நிறம் காபிக்கொட்டைப் பழுப்புக்கு வருகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆனால் மெலிந்த கலவையோடு கீழே இறங்கிப் போய்ச் சமவெளியில் விரட்டினால் பிஸ்டன் சூடேறும். மலையிலும் கீழேயும் ஓட்டுபவர் அளவைத் தொடாமல் விடுவதே மேல்.

ஆக, மலைக்கான மிக மலிவான மாற்றம் எது? பல்சக்கரம். முன்பக்கம் 14 பல் இருந்தால் 13 பல் போடுங்கள். பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை 7.7 சதவீதம் கூடுகிறது. மலைக்காற்று பிடுங்கிக்கொண்ட 7 சதவீதம் அப்படியே திரும்புகிறது. உச்ச வேகம் குறையும். கொண்டை ஊசி வளைவுகளில் அதை யார் தேடப் போகிறார்கள்? பெரியவர் இதைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார். “மேல இருக்கிற பசங்களுக்கு நான் எப்பவும் ஒரு பல் கம்மிதான் போடுவேன்” என்றார்.

இவ்வளவும் தேய்மானத்தையும் பொருத்தத்தையும் பற்றியது. இரண்டையும் பட்டறையில் சரிசெய்துவிடலாம். எரியாத பெட்ரோலை வெளியே விடும் அந்த அடிப்படைக் குணத்தைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. புதிய வண்டியா பழையதா என்ற கேள்வி உண்மையில் தொடங்குவது இங்கேதான்.

பிலிப்பைன்ஸின் விகான் நகரில் என்விரோஃபிட் என்ற அமைப்பு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்த யோசனையோடு, டூ-ஸ்ட்ரோக் பயணி வண்டிகளுக்கு ஒரு மாற்றுக் கருவியைப் பொருத்தியது. உள்ளே வருவது வெறும் காற்று. இரு ஜன்னல்களும் மூடும் தறுவாயில்தான் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படும். தப்பி வெளியே ஓடும் கூட்டத்தில் பெட்ரோலே இல்லை. மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமானது. பழையதைத் தூக்கி எறியாமல் திருத்தியதற்கு நான் அறிந்த மிக அழகான உதாரணம் இது. டாக்கா வேறு வழியில் போனது. 2003 ஜனவரி 1 முதல் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்களை நகரத்திலிருந்து ஒரேயடியாக விலக்கியது. காற்றில் நுண்துகள் குறைந்ததை உடனே அளக்க முடிந்தது. ஆனால் வண்டியை இழந்த ஓட்டுநர்களின் நிலைமையும் அந்தக் கணக்கில் சேரவேண்டியது.

நம் ஊரில் விதிமுறைதான் தீர்த்துவைத்தது. மலையிலும் சமவெளியிலும் பால் கேனும் கீரைக்கட்டும் சுமந்த டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி டூ-ஸ்ட்ரோக், மூன்றரை குதிரைத்திறன். 2015இல் அதன் இடத்துக்கு 99.7 சிசி நான்கு வீச்சு எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 விதி நாடு முழுக்க வந்தபின் பழைய இன்ஜினுக்கு இடமில்லை. குதிரைத்திறன் பெரிதாகக் கூடவில்லை, நாலுக்குச் சற்று மேல். ஆனால் 3500 சுற்றிலேயே 6.5 நியூட்டன் மீட்டர் இழுவை. பழையதில் 3750 சுற்றில் 5. மலைக்கு வேண்டிய இடத்திலேயே கூடியிருக்கிறது. புகையும் இல்லை, 2டி ஆயில் அளந்து ஊற்றவும் வேண்டாம், இறக்கத்தில் எண்ணெய் வற்றுவதும் இல்லை, ஏனென்றால் எண்ணெய் தனியாகக் கீழே இருக்கிறது. தினமும் சுமை ஏற்றுபவருக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவருக்கு, பழைய டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கும் போய்விட்டது என்றால் மாற்றிவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அசல் டர்ட் பைக் உலகில் டூ-ஸ்ட்ரோக் இன்னும் சாகவில்லை. ஆஸ்திரியாவின் கேடிஎம் 300 சிசி வண்டிகளில் பெட்ரோல் தெளிப்பு வந்துவிட்டது. எடை நம் பழைய வண்டியைப் போல நூறு கிலோவை ஒட்டியது, திறன் சுமார் ஐம்பது குதிரை. அதன் சட்டகமும் ஏறத்தாழ ஓரடி ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் பாறைமேல் விழுந்து எழுவதற்கென்றே செய்தவை. சாலைக்கென்று செய்த சட்டகத்தில் முள்டயரை மட்டும் மாட்டினால் ஈரமான தார் வளைவில் பிடிமானம் போகும், சேற்றில் வரும் லாபமும் கொஞ்சம்தான். அப்படி ஓட்ட ஆசைப்படுபவர் அதற்கான வண்டியையும் அதற்கான மைதானத்தையும் தேட வேண்டும். ஜவ்வாது மலையின் காப்புக்காடு அந்த மைதானம் அல்ல. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவின்போது இருந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

பையன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு பிஸ்டனைக் கையில் எடுத்து, கீறலைத் தடவிப் பார்த்தான். அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், இரண்டு சீல், பதிமூன்று பல். சைலன்சர் பழையதேதான். பெரியவர் அதைக் கழற்றி, பட்டறைக்குப் பின்னால் விறகு மூட்டிச் சுட்டார். உள்ளிருந்த கரி செதில் செதிலாக உதிர்ந்து ஒரு சட்டி நிறைய வந்தது. மட்கார்டு மட்டும் ஓரங்குலம் தூக்கிக் கட்டிக்கொண்டான், சேறு அடைக்காமலிருக்க. வீட்டில் அப்பாவுக்கு அடுத்த அறுவடை முடிந்ததும் நான்கு வீச்சு மொபெட் ஒன்று வாங்குவதாகப் பேச்சு. மூட்டையும் தங்கையும் இனி அதில்.

இரண்டு மாதம் கழித்து அதே பாதையில் அவனுக்குப் பின்னால் இறங்கினேன். வளைவுக்கு வளைவு, கிளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுவான். பிஸ்டனுக்கு ஒரு மடக்கு எண்ணெய். லேசான நீலப் புகை ஒன்று எழுந்து மரங்களுக்குள் போனது. அடுத்த வளைவுவரை ஒன்றும் கேட்காது. பிறகு மறுபடி அந்தச் சின்ன உறுமல்.